ஓநாயா, கரடியா? – உருமாறி ஒன்றை உருவாக்கிக் கற்ற பாடம்

ஆண்டுமலரில் கணினி விளையாட்டைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். மொழிக்கழகம் என்றால் சங்க இலக்கியமும் பட்டிமன்றமும் மட்டும்தான் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்திருந்தேன். ஆயினும், என் பல்கலைக்கழக வாழ்க்கையில் மிகவும் பயனுள்ள பாடம் ஒன்றை நான் கற்றது விரிவுரை மண்டபத்தில் அன்று. விடுதி அறையில், ஒரு பழைய கணினியின் முன்னால். அதைத் தம்பி தங்கைகளோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டும் பாத்திரமும்

டயப்லோ 2 என்னும் விளையாட்டு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் விரிவாக்கமான லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன் 2001-இல் வந்தபோது டுரூயிட் என்ற புதிய பாத்திரமும் உடன் வந்தது. டுரூயிட் காட்டில் வாழும் மந்திரவாதி. அவனுக்கு மூன்று வகைத் திறன்கள் உண்டு. நெருப்பு, காற்று போன்ற இயற்கைச் சக்திகளை ஏவுதல் ஒன்று. விலங்குகளையும் ஆவிகளையும் துணைக்கு அழைத்தல் இன்னொன்று. தானே ஓநாயாகவோ கரடியாகவோ மாறி, நெருங்கி நின்று அடித்தல் மூன்றாவது.

இதைப் படித்ததும் நம்மவர்க்கு ‘கூடுவிட்டுக் கூடு பாய்தல்’ நினைவுக்கு வரலாம். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. கூடு பாய்பவர் தம் உடலை விட்டுவிட்டு வேறோர் உடலுக்குள் புகுகிறார். டுரூயிடோ தன் உடலையே மாற்றிக்கொள்கிறான். ஆகவே, ‘உருமாறி’ என்ற சொல்லே இங்குப் பொருந்தும். இத்திறன்களில் ஒன்றின் பெயரான லைகாந்த்ரோபி, ஓநாயையும் மனிதனையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை.

நான் செய்த தவறு

2004-ஆம் ஆண்டு. நான் இரண்டாம் ஆண்டு மாணவன். ஒவ்வொரு நிலை உயரும்போதும் ஒரு திறன் புள்ளி கிடைக்கும். எனக்கோ எல்லாம் பிடித்திருந்தது. ஓநாய்க்குப் பத்து, கரடிக்குப் பத்து, நெருப்புக்குப் பன்னிரண்டு, துணை ஓநாய்களுக்கு ஒன்பது என்று வாரி இறைத்தேன். முதல் கட்டமான நார்மலில் நான்தான் ராஜா. இரண்டாம் கட்டமான நைட்மேரிலும் எப்படியோ தப்பித்துவிட்டேன். மூன்றாம் கட்டமான ஹெல் தொடங்கியதும் நுழைவாயிலிலேயே செத்து விழுந்தேன். ஒவ்வொரு முறை சாகும்போதும் சேர்த்த அனுபவமும் குறைந்துகொண்டே போனது.

பக்கத்து அறையில் இருந்த மூத்த மாணவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். திரையைப் பார்த்தவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“தம்பி, நீ ஓநாயா, கரடியா?”

“ரெண்டும்தான் அண்ணே.”

“அப்போ ரெண்டும் இல்லன்னு அர்த்தம். ஓநாயா மாறுனப்புறம் இந்த நெருப்ப எப்படி விடுவ? மறுபடியும் ஒன்னுல இருந்து ஆரம்பிச்சிடு.”

அந்நாளில் போட்ட புள்ளியைத் திரும்பப் பெற வழியில்லை. மூன்று மாத உழைப்பு வீண்.

அதே வாரத்தில் பருவத் தேர்வு முடிவும் வந்தது. என் சராசரி 2.00-க்குக் கீழே இறங்கியிருந்தது. விளையாட்டைக் குற்றம் சொல்ல நினைத்தேன். ஆனால், என் நாட்குறிப்பைப் புரட்டியபோது உண்மை வேறாக இருந்தது. நான்கு கழகங்களில் பொறுப்பு, விடுதி நாடகக் குழு, பூப்பந்து, இவற்றோடு ஏழு பாடங்கள். அங்கும் நான் புள்ளிகளை வாரித்தான் இறைத்திருந்தேன்.

சரியான முறை

அந்த அண்ணன் சொல்லிக் கொடுத்ததையும் பின்னர் நானே கண்டறிந்ததையும் சேர்த்துக் கீழே தருகிறேன்.

1. முதலில் உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓநாய் வேகமாகவும் குறி தப்பாமலும் அடிக்கும். கரடியின் அடி கனமானது. அதன் தற்காப்பும் அதிகம். ஃபெரல் ரேஜ், ரேபிஸ், ஃபியூரி ஆகிய தாக்குதல்கள் ஓநாய்க்கு மட்டுமே உரியவை. மால், ஷாக் வேவ் இரண்டும் கரடிக்கு மட்டுமே. இரண்டிலும் புள்ளி போட்டால், எந்த உருவில் இருந்தாலும் பாதிப் புள்ளிகள் உறங்கிக்கொண்டிருக்கும்.

2. இலக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஓநாயின் உச்சத் திறன் ஃபியூரி. அது 30-ஆம் நிலையில்தான் திறக்கும். அதில் நான்கு புள்ளிகள் சேர்ந்ததும் ஒரே மூச்சில் ஐந்து அடிகள் விழும். அதை அடைய ஃபெரல் ரேஜிலும் ரேபிஸிலும் ஆளுக்கொரு புள்ளி போதும். ஓநாய் உரு 20, லைகாந்த்ரோபி 20, ஃபியூரி 20, வழித்திறன்கள் 2, குழுவின் உயிரைப் பெருக்கும் ஓக் சேஜ் என்ற ஆவிக்கு 20. ஆக மொத்தம் 82. முதல் இரு கட்டங்களின் பணிகளை முடித்தால் 8 புள்ளிகள் கிடைக்கும். 75-ஆம் நிலையை எட்டும்போது நிலை உயர்வால் 74 புள்ளிகள் சேர்ந்திருக்கும். கணக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. வீணடிக்க ஒரு புள்ளியும் இல்லை!

3. உடல் பலத்தை மறவாதீர்கள். ஒவ்வொரு நிலைக்கும் கிடைக்கும் ஐந்து பண்புப் புள்ளிகளில், கவசத்தையும் ஆயுதத்தையும் அணியத் தேவையான அளவை வலிமையிலும் லாவகத்திலும் இடுங்கள். மீதி அனைத்தும் உயிர்ச்சக்திக்கே. மந்திர ஆற்றலுக்கு ஒன்றும் வேண்டாம். அடிக்கும்போதே மந்திர ஆற்றலை உறிஞ்சித் தரும் மோதிரம் ஒன்று இருந்தால் அதுவே போதும்.

4. ஆயுதத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஓநாய் நகத்தால்தானே அடிக்கிறது, கையில் எது இருந்தால் என்ன என்று பலரும் எண்ணுகின்றனர். நானும் எண்ணினேன். உண்மையில், உருமாறிய பின்னும் கையில் இருந்த ஆயுதத்தின் பலமே அடியில் இறங்குகிறது. ஆதலால், வேகமும் கனமும் சேர்ந்த இரு கை ஆயுதமே சிறந்தது. ரிப்கிராக்கர் என்னும் தடி இதற்குப் பெயர்பெற்றது. அது தாக்கு வேகத்தை 50 விழுக்காடு கூட்டுவதோடு, எதிரியின் உயிரில் ஒரு பங்கை ஒரே அடியில் நொறுக்கும் வாய்ப்பையும் தருகிறது.

5. மாறும் முன்பே ஆயத்தமாகுங்கள். உருமாறிய பின் பெரும்பாலான மந்திரங்களை ஏவ முடியாது. மாறுவதற்கு முன் அழைத்த ஆவியோ உடனிருக்கும். எனவே, முதலில் துணையை அழையுங்கள், பிறகு மாறுங்கள். உரு நிலைக்கும் நேரத்தை நீட்டுவது லைகாந்த்ரோபிதான். அதில் கஞ்சத்தனம் காட்டினால் சண்டையின் நடுவில் மீண்டும் மனிதனாகி நிற்பீர்கள்.

6. உங்கள் குறையை ஒப்புக்கொள்ளுங்கள். ஹெல்லில் உடல் தாக்குதல் எதுவும் பலிக்காத எதிரிகள் உண்டு. அவர்கள் முன் ஃபியூரி ஓநாய் கையைப் பிசைய வேண்டியதுதான். இதற்காகப் பல திறன்களில் புள்ளிகளைச் சிதறவிடத் தேவையில்லை. நெருப்பையோ பனியையோ ஏவும் தோழர் ஒருவருடன் சேர்ந்து ஆடுங்கள். கூட்டாளி எதற்கு இருக்கிறார்?

இரண்டாம் ஓநாய்

புதிய டுரூயிடை மறுபருவ விடுமுறையில் தொடங்கினேன். இம்முறை ஓநாய் மட்டுமே. 30-ஆம் நிலை வரை ஃபெரல் ரேஜைக் கொண்டு பொறுமையாக நகர்ந்தேன். ஹெல்லில் முதல் கூட்டம் என்மீது பாய்ந்தபோது நான் விழவில்லை. பக்கத்து அறை அண்ணன் தம் பனி மந்திரக்காரியுடன் வந்து சேர்ந்துகொண்டார்.

விடுமுறை முடிந்ததும் மூன்று கழகங்களின் பொறுப்பிலிருந்து விலகினேன். ஒன்றை மட்டும் விடவில்லை. அது நம் மொழிக்கழகம். பாடங்களையும் ஐந்தாகக் குறைத்தேன். பட்டம் பெற ஒரு பருவம் தாமதமாயிற்று. அப்பாவிடம் அதைச் சொன்ன அந்தத் தொலைபேசி அழைப்பு, ஹெல்லைவிடக் கடினமாக இருந்தது. அவர் திட்டவில்லை. “சரி, இப்போவாவது எது முக்கியம்னு முடிவு பண்ணிட்டியா?” என்று மட்டும் கேட்டார். அண்ணன் கேட்ட கேள்வியும் அதுதானே!

2010-இல் வந்த 1.13 திருத்தம், புள்ளிகளைத் திரும்பப் பெற வழி செய்தது. முதல் பணியை முடித்து அகாராவிடம் சென்றால், ஒரு கட்டத்திற்கு ஒரு முறை எல்லாவற்றையும் கலைத்து மீண்டும் அடுக்கலாம். 2021-இல் வெளியான டயப்லோ 2 ரிசரெக்டட் என்ற மறுபதிப்பிலும் இவ்வசதி உண்டு. இன்றைய தலைமுறைக்கு ஓநாயாவதும் எளிது. மனம் மாறிக் கரடியாவதும் எளிது.

பருவங்களைத் திருப்பித் தரும் அகாரா மட்டும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளே, கழகப் பதிவு நாளில் மேசைக்கு மேசை கையெழுத்திடும்முன் ஒரு நொடி நில்லுங்கள். ஓநாயா, கரடியா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டில் எதுவும் தவறில்லை. விடை தெரியாவிட்டால் பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். அங்கே ஓர் அண்ணனோ அக்காளோ கட்டாயம் இருப்பார்.