மினிமம் டியூ கட்டியும் கடன் குறையலையா? முதல்ல பில்லை எல்லாம் ஒரே பேப்பரில் எழுதுங்க



போன வருஷம் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் ஆபீசுக்கு வந்தார். வயசு 29, கைக்கு வர்ற சம்பளம் 46,000 ரூபாய். "அண்ணா, மாசம் தவறாம கார்டு பில் கட்டறேன். ஆனா கடன் அப்படியே நிக்குது. வீட்ல இன்னும் சொல்லலை"ன்னார். அவர் சம்மதத்தோடதான் இதை எழுதறேன். தொகைகளை மட்டும் முழு எண்ணாக்கியிருக்கேன்.

"மொத்தம் எத்தனை பில் கட்டறீங்க?"ன்னு கேட்டேன். ஏழுன்னார். 12 மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் வெச்சு எழுதிப் பார்த்தோம். பதினாறு வந்தது. பிரச்சினையே அந்த மீதி ஒன்பதில்தான் இருந்தது.

படி 1: நாலு கட்டம் போடுங்க

பில் பெயர், தொகை, கடைசித் தேதி, எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான். வாடகை, வைஃபை, இ.எம்.ஐ. மாசா மாசம் வரும். கரண்ட் பில் நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. இன்ஷூரன்ஸும் ஸ்கூல் ஃபீஸும் எப்பவாவது வரும். இந்த "எப்பவாவது" வர்றதுதான் நம்மைக் கவுக்கும்.

படி 2: வருஷ பில்லை 12-ஆல் வகுங்க

தம்பியோட கணக்கு இது:

- பைக் இன்ஷூரன்ஸ்: 2,400
- டேர்ம் பாலிசி: 10,800
- பொண்ணோட ஸ்கூல் ஃபீஸ்: 30,000
- தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போய் வர: 10,800

மொத்தம் 54,000. மாசத்துக்கு 4,500. இதை அவர் ஒதுக்கவே இல்லை. ஒவ்வொண்ணும் வரும்போது கார்டைத் தேய்ச்சார். ஆடம்பரச் செலவு எதுவும் இல்லை. எல்லாமே வரும்னு முன்னாடியே தெரிஞ்ச செலவுகள். அதுதான் 48,000 ரூபாய் கார்டு கடனா நின்னது.

படி 3: மினிமம் டியூ என்ன செய்யுதுன்னு பாருங்க

அவர் கார்டில் மினிமம் டியூ 5%, அதாவது 2,400 ரூபாய். வட்டி மாசம் 3.5%, அதாவது 1,680. அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. சுமார் 302. ஆக, கட்டற 2,400-ல் 1,982 வட்டிக்கும் வரிக்குமே போயிடுது. அசலில் குறையறது வெறும் 418 ரூபாய்!

இன்னொரு விஷயம். பழைய பாக்கி இருக்கிற வரைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்னைக்கு வாங்கின மளிகைக்கும் இன்னையிலிருந்தே வட்டி ஓடும். அதனால பாக்கி தீர்ற வரைக்கும் அந்தக் கார்டைத் தொடாதீங்க.

படி 4: தேதியை நகர்த்துங்க

சம்பளம் 1-ம் தேதி, கார்டு கடைசித் தேதி 27-ன்னா கையில் காசு இருக்காது. கார்டோட பில்லிங் தேதியை ஒரு தடவையாவது மாத்திக்க நமக்கு ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுக்குது. கஸ்டமர் கேரில் கேளுங்க. முடிஞ்சவரை எல்லா பில்லும் சம்பளம் வந்த பத்து நாளுக்குள்ள முடியணும். இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆச்சுன்னா கடன் கொடுத்தவங்க ஒரு பக்கம், உங்க பேங்க் ஒரு பக்கம்னு ரெண்டு அபராதம் விழும். கிரெடிட் ஸ்கோரும் அடிவாங்கும்.

படி 5: அதிக வட்டியை முதல்ல அடைங்க

தம்பிகிட்ட ஆர்.டி.யில் 30,000 இருந்தது. மாசம் 3,000 ரூபாய்க்கு எஸ்.ஐ.பி.யும் போயிட்டிருந்தது. "சேமிப்பைத் தொடலாமா அண்ணா?"ன்னு தயங்கினார். ஒரு பக்கம் வருஷத்துக்கு 42% வட்டி கட்டிக்கிட்டு, இன்னொரு பக்கம் 7%-க்கு சேமிக்கறது ஓட்டைக் குடத்தில் தண்ணி பிடிக்கற மாதிரி. ஆர்.டி.யை உடைச்சார். கார்டு பாக்கி 18,000 ஆச்சு. எஸ்.ஐ.பி.யை நிறுத்தி, அந்த 3,000-ஐயும் பழைய 2,400-ஐயும் சேர்த்து மாசம் 5,400 கட்டினார். நாலே மாசத்தில் பாக்கி பூஜ்ஜியம்.

அஞ்சாவது மாசத்திலிருந்து அதே 5,400-ல் 4,500 தனி சேமிப்புக் கணக்குக்குப் போகுது. ஸ்கூல் ஃபீஸ் இந்தத் தடவை அதிலிருந்துதான் கட்டினார். மீதி 900-க்கு சின்னதா எஸ்.ஐ.பி. திரும்ப ஆரம்பிச்சிருக்கார்.

உடைக்க ஆர்.டி. இல்லாதவங்க என்ன பண்றது? அப்பவும் வரிசை இதேதான். வாடகை, கரண்ட், சாப்பாடு, மத்த இ.எம்.ஐ. முதல்ல. மிச்சமாகிற ஒவ்வொரு ரூபாயும் அதிக வட்டிக் கடனுக்கு. நாள் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஒண்ணு சொல்லணும். அந்தப் பேப்பரை அவர் அன்னைக்கு ராத்திரியே மனைவிகிட்ட காட்டிட்டார். அவங்க திட்டலை. விட்டுப்போன ஒரு பில்லைச் சேர்த்தாங்க. பதினேழாவது!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. வீட்ல ரெண்டு பேரா உட்கார்ந்து எழுதுங்க. உங்க லிஸ்ட்டில் எத்தனை பில் வந்ததுன்னு கமென்ட்டில் சொல்லுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்.