அட்டையின் முகப்பில் அச்சிட்ட எண்

கேமரா வாங்கப் புறப்படுகிறவர்கள் லென்ஸைப் பற்றி நண்பர்களிடம் விசாரித்து, சென்ஸாரின் அளவுகளை ஒப்பிட்டு, விலையையும் பேசி முடித்து, இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்ட பிறகு, எடுக்கும் படங்கள் யாவும் போய்த் தங்கவேண்டிய மெமரி கார்டை மட்டும் கடைக்காரர் நீட்டியபடியே வாங்கிக்கொண்டு வருவது சர்வ சாதாரணமாக இருக்கிறது. சற்று ஆராய்ந்து வாங்குகிறவர்களும், முகப்பில் கொட்டை எழுத்தில் உள்ளதைப் பார்த்தே பெரும்பாலும் தீர்மானிக்கிறார்கள். இந்தத் தீர்மானங்களுக்கு ஆதாரமாக உலவிவரும் சில நம்பிக்கைகளைப் பரிசீலிப்போம்.

நம்பிக்கை: விலை உயர்ந்த கார்டைப் போட்டால் படம் துலக்கமாக விழும்.

உண்மை: படத்தின் குணம் லென்ஸிலும் சென்ஸாரிலும் கேமராவின் பிராசஸரிலும் முன்னதாகவே நிர்ணயமாகிவிடுகிறது, முடிந்துபோன அந்தக் காரியத்தை எண்களின் வரிசையாகப் பெற்று வைத்துக்கொள்வதைத் தவிர கார்டுக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை. கார்டுக்குக் கார்டு வித்தியாசப்படுவது, எவ்வளவு சீக்கிரம் பெற்றுக்கொள்கிறது, எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறது என்ற இரண்டே விஷயங்களில்தான்.

நம்பிக்கை: 170, 200 என்று பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணே கார்டின் வேகம்.

உண்மை: அந்த எண், கார்டில் உள்ளதைக் கணினிக்கு வாசித்துக் கொடுக்கையில், அனுகூலமான நிலையில் எட்டக்கூடிய உச்ச வேகத்தையே பெரும்பாலும் குறிக்கிறது. கேமராவுக்கு வேண்டியதோ வாசிக்கும் வேகம் அன்று, எழுதும் வேகம். மேலும், யூ.எச்.எஸ்.-1 என்ற வகைக்கு விதிக்கப்பட்ட எல்லையே நொடிக்கு 104 மெகாபைட்டாக இருக்க, அதே வகைக் கார்டு 170 என்று அறிவித்துக்கொள்வது, தயாரிப்பாளர் தமக்கென்று வகுத்துக்கொண்ட முறையில், அதற்கேற்ற கார்டு ரீடரில் செருகினால் மட்டும் கைகூடுவது. கேமராவுக்குள் அந்த வேகத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. வெள்ளம் வந்த நாளின் நீர்மட்டத்தைக் காட்டி ஆயக்கட்டுக்கு வாக்குறுதி அளிப்பதற்கு ஒப்பானது இது. பயிருக்குக் கோடையில் நிச்சயமாக வரும் நீரளவல்லவா முக்கியம்?

நிச்சயமான அந்த அளவைச் சொல்லுபவை, அதே அட்டையில் சிறியனவாக அச்சிட்டிருக்கும் வேறு சில குறிகள். வட்டத்துக்குள் 10 என்றிருந்தாலும், யூ1 என்றிருந்தாலும் நொடிக்குக் குறைந்தபட்சம் 10 மெகாபைட் எழுதும். யூ3, வி30 என்றால் 30. வி60, வி90 என்றால் முறையே 60, 90. வீடியோவின் வேகத்தைக் கேமராக்காரர்கள் மெகாபிட் கணக்கில் சொல்வதால், அதை எட்டால் வகுத்துப் பார்க்கவேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்டே ஆகையால் வி30 தாராளமாகப் போதும்; 400 மெகாபிட் என்றால் 50 மெகாபைட், அதற்கு வி60 வேண்டும். ஏ1, ஏ2 என்ற குறிகள் கைபேசியில் செயலிகளை ஓட்டுவதற்காக ஏற்பட்டவை. அவற்றைப் பார்த்துக் கேமராவுக்குக் கார்டு தேர்ந்தெடுப்பதில் பிரயோஜனம் இல்லை.

நம்பிக்கை: யூ.எச்.எஸ்.-2 கார்டு போட்டால் எந்தக் கேமராவும் வேகம் பெறும்.

உண்மை: அவ்வகைக் கார்டின் பின்புறத்தில் உள்ள இரண்டாவது வரிசைத் தொடுமுனைகளே அதை நொடிக்கு 312 மெகாபைட் வரை கொண்டுசெல்ல வல்லவை, அவ்வரிசை இல்லாத கேமராவில் அது யூ.எச்.எஸ்.-1 கார்டைப்போலவே வேலை செய்யும், கொடுத்த அதிகப் பணம் வீண். கொள்ளளவுக்கும் இவ்வித நியதி உண்டு. 32 ஜிகாபைட் வரை செல்லும் எஸ்.டி.எச்.சி. 2006-லும், 2 டெராபைட் வரை செல்லும் எஸ்.டி.எக்ஸ்.சி. 2009-லும் வந்தவை, அவற்றுக்கு முற்பட்ட கேமராக்கள் அவற்றை அறியமாட்டா.

நம்பிக்கை: 64 ஜிகாபைட் கார்டு கணினியில் 59 என்று காட்டினால் அது போலி.

உண்மை: தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் கணினி 1024 ஆக எண்ணுகிறது; 64 என்பது 59.6 ஆகத் தோன்றுவது கணக்கின் பேதமே தவிர மோசடி அன்று. மெய்யான போலியோ, அறிவித்த கொள்ளளவுக்குப் பொருந்தும் எண்ணையே காட்டும். 16 ஜிகாபைட் கொள்ளும் கார்டின் கன்ட்ரோலரைத் திருத்தி, அது தன்னை 256 என்று அறிவிக்கும்படி செய்துவிடுகிறார்கள். 16 நிறையும் வரை யாதொரு குறையும் தென்படாமல், அதற்குப் பின் எடுக்கும் படங்கள் பதிவாகாமலோ பழைய படங்களின்மேல் விழுந்து அவற்றையும் கெடுத்தோ போகும். ஆகவே கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்ப்பதே சோதனை. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் அதைச் செய்கின்றன. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுவது உத்தமம்.

நம்பிக்கை: விமான நிலைய எக்ஸ்ரேயும் காந்தமும் படங்களை அழித்துவிடும்.

உண்மை: எக்ஸ்ரேயைப் பற்றிய பயம் ஃபிலிம் காலத்தது, காந்தத்தைப் பற்றியது ஒலிநாடாக் காலத்தது, அவற்றுக்கு அந்தப் பயம் நியாயமே. ஃபிளாஷ் நினைவகத்தில் தகவல், காப்புப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய அறைகளில் மின்னேற்றமாகத் தங்குவதால், சோதனைச் சாவடியின் கதிரோ வீட்டுக் காந்தமோ அதை அசைப்பதில்லை. எழுதுவதைக் காட்டும் விளக்கு அணையுமுன் கார்டைப் பிடுங்குவதே அஞ்சத்தக்கது.

நம்பிக்கை: ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் போயிற்று.

உண்மை: பெரும்பாலும் அழிவது படங்களின் அட்டவணை மட்டுமே; புதிய படங்கள் அவ்விடத்தில் எழுதப்படும் வரை பழையவை மீட்கத்தக்கனவாக இருக்கும். ஆகையால் தவறுதலாக ஃபார்மட் செய்தவர் உடனே அந்தக் கார்டில் படம் எடுப்பதை நிறுத்தவேண்டும்.

நம்பிக்கை: பெரிய கார்டாக ஒன்று வாங்கிவிட்டால் படங்கள் அதிலேயே இருக்கலாம்.

உண்மை: மின்னேற்றம் வருஷங்கள் செல்லச் செல்ல மெல்லக் கசியும் இயல்புடையது, கார்டு வழித்தங்கலுக்கு உரியதே தவிர நிரந்தர வாசஸ்தலம் அன்று. கல்யாணப் படம் எடுப்பவர்கள் கார்டு செருகும் துளை இரண்டு உள்ள கேமராவில் ஒரே படத்தை இரு கார்டிலும் ஒருசேரப் பதிவதும், வீடு திரும்பியதும் வெவ்வேறு இரண்டு இடங்களில் பிரதி செய்துவைப்பதும் இதனால்தான். கேமராவின் கையேடு எந்த வேகக் குறியைக் கேட்கிறதோ அதற்குக் குறையாத கார்டாக, நம்பகமான கடையில் இரண்டு வாங்கிக்கொண்டால், முகப்பில் அச்சிட்ட பெரிய எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் நேராது.