கல்விச் சபையும் ஒரு தந்தையின் வழக்கும்

எங்கள் பாடசாலையை மேற்பார்வை செய்யும் வலயக் கல்விப் பணிப்பாளர் அரச நியமனம் பெற்று வருபவர். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் முறை வேறு என்று அறிந்தபோது வியந்தேன். அங்கே மக்களே வாக்களித்துக் கல்விச் சபையைத் தெரிவு செய்கின்றனர். சபை வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும். அத்தியட்சகர் ஒருவரை நியமிக்கும். அன்றாட நிர்வாகம் அவர் பொறுப்பு. பணத்தின் ஒரு பகுதி ஊரவர் செலுத்தும் ஆதன வரியிலிருந்து வருகிறது.

மக்கள் தெரிவு செய்த சபை அநீதி செய்யாது என்றே நினைத்தேன். கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகர வரலாறு அந்த எண்ணத்தை மாற்றியது. எந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையில் படிப்பது என்பதையும் சபையே தீர்மானித்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு அது ஒதுக்கிய ஆரம்பப் பாடசாலைகள் 4 மட்டுமே. லிண்டா பிரவுன் என்ற சிறுமி, வீட்டுக்கு அருகிலிருந்த பாடசாலையை விட்டுத் தொலைவிலுள்ள ஒன்றுக்கு பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. 1951இல் அவளது தந்தை ஒலிவர் பிரவுன் உட்பட 13 பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். பாடசாலைகளை இனத்தால் பிரிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என 1954 மே 17இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் 9 நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

வாக்களிப்பதோடு பெற்றோரின் கடமை முடிவதில்லை என்பதே நான் கற்ற பாடம். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது, “வேலை இருக்கிறது” என்று உம்மா சொன்னால், இந்தக் கதையை அவருக்குச் சொல்வேன்.