முட்டில் கை வைக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

முஞ்சிறையில் சித்த மருத்துவம் படித்து முடித்து, தாத்தாவின் வைத்தியசாலையிலேயே உட்காரப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். மனம் நிறைந்தது. நம் மாவட்டத்தில் முட்டு வீங்கினாலும் கால் பிசகினாலும் ஜனங்கள் இன்றும் முதலில் தேடிப் போவது வர்ம ஆசானைத்தான். ஆங்கில மருத்துவம் பார்த்தவனாகிய எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. முதலில் உன்னிடம் வருகிறார்கள் என்பதால்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.

அடிபடாமலே வீங்கும் முட்டுகள் உண்டு. ஆனால் நோயாளி ஓர் அடியைச் சொல்லிக்கொண்டுதான் வருவார். குளச்சல் மீனவர் வலை இழுக்கும்போது பிசகியது என்பார். குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவர் சரிவில் வழுக்கியதைச் சொல்வார். இருவர் சொல்வதும் பொய்யல்ல. உழைக்கிறவர் உடம்பில் போன மாதத்து அடி ஒன்று எப்போதும் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்பு, கடலில் இருந்தபோது, இரண்டு நாள் சீதபேதியாகப் போனதை மட்டும் அவராகச் சொல்லமாட்டார். வயிற்றுக்கும் முட்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? நீதான் கேட்க வேண்டும்.

சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் குடலைத் தாக்கி, ஒன்று முதல் நான்கு வாரம் கழித்துச் சிலருக்கு மூட்டு வீங்குகிறது. சிறுநீர்ப் பாதையில் தங்கும் கிளமிடியா என்ற பால்வினைக் கிருமியும் இதையே செய்யும். மூட்டிலிருந்து நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் கிருமி வளராது. கிருமி அடங்கிய பிறகும் உடம்பின் எதிர்ப்பாற்றல் அடங்காமல் மூட்டில் அழற்சியை மூட்டிவிடுகிறது. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுக் கூறு உள்ளவர்களுக்கு இது கடுமையாக வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பின்லாந்தில் சீதபேதி பரவியபோது இப்படி மூட்டு வீங்கிய 344 பேரைப் பற்றி பாரோனென் என்ற மருத்துவர் 1948இல் எழுதினார். பழைய புத்தகங்கள் இதை ரைட்டர் நோய் என்று சொல்லும். அந்த ரைட்டர் நாஜி ஆட்சியில் பெரும் பதவி வகித்தவர், புக்கன்வால்ட் முகாமில் கைதிகள்மீது நடந்த சோதனைகளோடு தொடர்புடையவர். அந்தப் பெயரை நீயும் விட்டுவிடு. எதிர்வினை மூட்டழற்சி என்றே சொல்லிப் பழகு.

ஓரிடத்தில் பட்டது நாள் கழித்து வேறிடத்தில் தெரியும் என்பது உன் பரம்பரைக்குப் புதிதல்ல. 108 வர்மப் புள்ளிகளுக்கும் நாழிகைக் கணக்கும் நாள் கணக்கும் சொல்லி வைத்தவர்கள் உன் ஆசான்கள். காரணம் வேறு, கேட்கும் பழக்கம் ஒன்றுதான். எங்கே அடிபட்டது என்று கேட்கிற அதே வாயால், போன ஒரு மாதத்தில் வயிற்றோட்டம் உண்டா, தொண்டை வலித்ததா, கண் சிவந்ததா என்றும் கேள். சிறுநீர்க் கடுப்பைப் பற்றிக் கேட்குமுன் கூட வந்தவர்களைத் திண்ணையில் உட்காரச் சொல். மனைவி பக்கத்தில் இருக்கும்போது உண்மை வராது.

பிறகு காலைப் பார். ஒரு முட்டோ ஒரு கணுக்காலோதான் பெரும்பாலும் வீங்கியிருக்கும், இரு பக்கமும் ஒன்றுபோல இராது. கெண்டைக்கால் தசைநாண் குதிகால் எலும்பில் வந்து ஒட்டும் இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்து. அங்கே அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் அது சுளுக்கல்ல. கால்விரல் ஒன்று அடி முதல் நுனி வரை ஒரே கனமாக வீங்கியிருந்தாலும் அப்படித்தான். இந்த முட்டுக்குச் சூடு தணியும்வரை உழிச்சல் வேண்டாம், காயத்திருமேனி எண்ணெயும் காத்திருக்கட்டும். ஓய்வும் அழற்சி தணிக்கும் மருந்தும் போதும். பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் தானே அடங்கும்.

கடும் காய்ச்சலோடு, தொடவே விடாமல் கொதிக்கும் ஒற்றை முட்டு வேறு வகை. அதற்குள்ளேயே சீழ் இருக்கலாம், சில நாளில் மூட்டையே தின்றுவிடும். அவரை அந்த மணிநேரமே மருத்துவமனைக்கு அனுப்பு. காசநோய் உடம்பில் வேறெங்கோ இருக்க, மூட்டுகள் மட்டும் வீங்குவதும் உண்டு. பிரான்சில் போன்செ 1897இலேயே எழுதிவைத்தது அது. நாள்பட்ட இருமலும் மெலிவும் இருந்தால் நினைவில் வை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பிள்ளைகளின் முட்டுதான். ஐந்து முதல் பதினைந்து வயது. தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். இன்று முட்டு, நாளை மறுநாள் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. வீக்கம் கொஞ்சம், வலியோ பிள்ளை போர்வை படவும் விடாது. வளர்கிற வலி என்று வீட்டில் சொல்வார்கள். நீ எண்ணெய் போட்டுக் கட்டினால் மூன்று நாளில் அந்த முட்டு சரியாகிவிடும். கட்டாவிட்டாலும் சரியாகியிருக்கும் தம்பி. உனக்குக் கைராசி என்று பெயர் வரும், தாய் கும்பிட்டுவிட்டுப் போவாள். தொண்டையில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக எழுந்த எதிர்ப்பாற்றல், அதற்குள் இதய வால்வைத் தொட்டிருக்கலாம். இதுதான் வாதக்காய்ச்சல்: மூட்டில் வடு விடாத நோய் வால்வில் விடுகிறது. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால், பத்துப் பதினைந்து வருடம் கழித்து முதல் பிரசவத்தின்போது மூச்சு முட்டி வருவாள். முட்டு வலித்த கதை அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

வாதக்காய்ச்சல் பரவலாக இருக்கும் நம்மைப் போன்ற நாடுகளில் ஒற்றை மூட்டு வீங்கினாலே அதை முக்கிய அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2015இல் திருத்திய ஜோன்ஸ் விதிகள் சொல்கின்றன. கண்டுபிடித்துவிட்டால் மருந்து எளியது: மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. இதயம் தப்பியிருந்தாலும் ஐந்து வருடம் அல்லது 21 வயது, எது பிந்தியதோ அதுவரை போட வேண்டும். வால்வு கெட்டிருந்தால் நாற்பது வயது வரைகூட. வலியில்லாத பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்தில் எங்களைவிட உன் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். ஆசான் சொன்னார் என்றால் தவறாமல் வருவார்கள்.

ஆகவே உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். தொண்டை வலிக்குப் பின் மூட்டு வீங்கிய பிள்ளை வந்தால் எண்ணெய்க் குப்பியைத் திறக்காதே. தொண்டை எப்போது வலித்தது, எந்த முட்டு எந்த நாளில் வீங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி, அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் மாமா