கழுத்தைக் குற்றம் சொல்லாதீர்கள்

படுக்கையில் புரண்டால் அறை சுழல்கிறது. வீட்டில் உடனே மூன்று தீர்ப்புகள் வந்துவிடும்: கழுத்து எலும்பு, பித்தம், லோ பிரஷர்.

நம்பிக்கை: கழுத்து எலும்பு தேய்ந்ததால்தான் சுற்றுகிறது.

ஐம்பதைத் தாண்டியவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலோருக்குத் தேய்மானம் தெரியும். தலையே சுற்றாதவர்களுக்கும் தெரியும். படம் கைக்கு வந்ததும் பழி கழுத்தின் மேல் விழுகிறது, காலரும் மாட்டியாகிவிடுகிறது. புரளும்போதும், பரணை அண்ணாந்து பார்க்கும்போதும், குனிந்து நிமிரும்போதும் உலகம் சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் பெரும்பாலும் காரணம் உள்காதுதான். தலையின் சாய்வை உணர்வதற்காக அங்கே கால்சியம் கார்பனேட் துகள்கள் உண்டு. வயதாலோ, தலையில் அடிபட்டோ, பல நேரம் காரணமே தெரியாமலோ அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் போய்விடும். தலையைத் திருப்பி நிறுத்திய பிறகும் துகள்கள் நகர்ந்துகொண்டிருக்கும். தலை இன்னும் சுழல்வதாக மூளை நினைத்துக்கொள்ளும். மருத்துவர்கள் இதைப் 'பிபிபிவி' என்பார்கள்.

காதுக்கும் சுற்றலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. வியன்னாவில் நோயாளிகளின் காதைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த மருத்துவர் ராபர்ட் பாராணி, குளிர்ந்த நீருக்கு விழிகள் ஒரு பக்கமும் சூடான நீருக்கு மறுபக்கமும் துடிப்பதைக் கவனித்தார். காதின் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பிபிபிவியைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், ஒரு கட்டில் போதும். மருத்துவர் உங்களை உட்காரவைத்துத் தலையை 45 டிகிரி திருப்புவார். சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி பிடித்துக்கொள்வார். கண்ணை மூடக் கூடாது. சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு விழிகள் கீழ்ப்பக்கக் காதை நோக்கிச் சுழன்று சுழன்று துடிக்கும்; நோயாளி மருத்துவரின் கையை இறுகப் பற்றுவார்; ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் ஓய்ந்துவிடும். டிக்ஸ், ஹால்பைக் என்ற மருத்துவர்கள் இருவரும் 1952-இல் விவரித்த சோதனை இது. இத்தனை எளிய சோதனையைச் செய்யாமலே பலரை எம்ஆர்ஐக்கு அனுப்புவதுதான் வேதனை.

நம்பிக்கை: தலைச்சுற்றல் மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும்.

குழாய்க்குள் போன துகளை எந்த மாத்திரையும் வெளியே எடுக்காது. அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரத்துக் காது மருத்துவர் ஜான் எப்லி, தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பியே துகள்களை வெளியேற்றலாம் என்று 1980-இல் சக மருத்துவர்களுக்குச் செய்து காட்டினார். பலர் நம்பவில்லை. அவருடைய கட்டுரை 1992-இல்தான் வெளிவந்தது. இன்று இந்தத் தொல்லைக்கு முதல் சிகிச்சை அவர் காட்டிய அந்த முறைதான். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று மொத்தமே ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே குணம் தெரியும். பிறகும் வரலாம், வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். யூடியூப் பார்த்து நீங்களே தொடங்க வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்பதைப் பொறுத்துத் திருப்பும் முறை மாறும்.

சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை வாந்தியோடு வரும் கடும் சுற்றலுக்குச் சில நாள் கைகொடுக்கும். மாதக்கணக்கில் விழுங்கினால், மூளை தானே சமநிலையைப் பழகிக்கொள்வது தாமதமாகும். முதியவர்களுக்குப் பார்கின்சன் நோய் போன்ற நடுக்கமும் இறுக்கமும் வரக்கூடும். அந்த நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை எழுதப்படுவதும் நடக்கிறது.

நம்பிக்கை: பித்தம் ஏறிவிட்டது.

சமநிலை நரம்பு கலங்கினால் குமட்டும். வெறும் வயிற்றில் வாந்தி எடுத்தால் யாருக்கும் மஞ்சளாகத்தான் வரும். சுற்றியதால் வாந்தி வந்ததே தவிர, பித்தத்தால் சுற்றவில்லை.

நம்பிக்கை: லோ பிரஷர், உப்புப் போட்டு மோர் குடி.

இதில் பாதி உண்மை. எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால், படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுமுறையும் அளந்து பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், பிரஷர் மாத்திரையையோ புராஸ்டேட் மாத்திரையையோ மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கலாம். படுத்தபடி புரளும்போது சுற்றுவதற்கு மோர் பதிலல்ல. சர்க்கரை நோயாளி என்றால், சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள்.

நம்பிக்கை: தலைச்சுற்றல்தானே, படுத்தால் சரியாகிவிடும்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், கை கால் மரத்துப்போதல், இதுவரை வராத தலைவலி, பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாத நிலை, திடீரென ஒரு காது கேட்காமல் போவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சுற்றலோடு சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் சிடி ஸ்கேன் நார்மல் என்று சொன்னாலும், நிற்க முடியாதவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். சிறுமூளைப் பக்கவாதம் முதல் சில மணி நேரம் சிடியில் தெரியாமல் போவது உண்டு. எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.