கறவை வளர்ப்போரும் கால்நடை அறிவும்

‘மாடு’ என்னுஞ் சொற்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாதல் தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. வள்ளுவனாரும் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டனர். வகுப்பறையில் விலங்கு வேறு, செல்வம் வேறு எனப் பிரித்துரைத்தல் எளிது. ஓர் ஏக்கர் மேட்டு நிலமும் இரண்டு கறவையுமே உடைமையாகக் கொண்ட குடியானவர் வீட்டிலோ அவ்விரு பொருளும் ஒன்றேயாம். மழை பொய்த்து நிலம் கைவிட்ட ஆண்டிலும் பாற்பணம் வருகின்றது; பிள்ளைகளின் பள்ளிச் செலவும் உப்பு புளியும் அதனால் நடைபெறுகின்றன. அத்தகைய செல்வத்தைக் காத்தற்கு வேண்டும் அறிவு அவர்கட்கு எவ்வழியாகக் கிடைக்கின்றது, கிடையாதொழியின் அதற்குக் காரணம் யாது என்பனவற்றை, யாம் சிறிது அறிந்த ஓசூர்ப் பகுதியை முன்னிட்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஓசூர், 2004-ஆம் ஆண்டில் தருமபுரியினின்றும் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது; கருநாடக எல்லையை அடுத்தது. பெங்களூர் அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் பெரிய ஆலைகள் அங்குப் பல. விடியுமுன்னரே ஆலைப் பேருந்துகள் சுற்றுப்புறத்து ஊர்களில் நின்று ஆடவரை ஏற்றிச் செல்கின்றன. தொழுவம் பெண்டிர் கையில் நிற்கின்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்குவன. வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் மற்றொரு மொழியும் பேசுவார் அங்கு மிகப் பலர்.

இனி, அறிவு அந்நாட்டில் இல்லையோவெனின், உண்டு, மிகுதியாகவே உண்டு. ஓசூரை அடுத்த மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் படைக்குரிய குதிரைகளின் பொருட்டு ஏற்படுத்தியது; 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையது. பின்னர் அது மாட்டுப் பண்ணையாயிற்று. அங்குப் பணியாற்றிய லிட்டில்வுட் என்னும் ஆங்கிலேயர் 1936-ல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியற் பல்கலைக்கழகம் 1989-லும் தோன்றின. அப்பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் ஒன்று கிருஷ்ணகிரியிலும் உண்டு. குளம் நிறைய நீர் இருப்பது உண்மை; வாய்க்கால் எங்கே என்பதுதான் வினா.

சென்ற கோடை விடுமுறையில் யாம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேம். அடுத்த வீட்டார் தெலுங்கு பேசுவோர். அவர்தம் கலப்பினக் கிடாரி ஒன்று ஒருநாள் விடியலில் ஓயாது கத்திற்று. தீவனத்தில் வாய் வைக்கவில்லை. கண்ணாடி இழை போன்ற கோழை ஒழுகிற்று. அவ்வீட்டு அம்மையார் இவற்றையெல்லாம் கண்டனர். கிடாரி பருவத்திற்கு வந்ததென்பதும் அவர்க்குத் தெரியும். ஆயினும் மருத்துவரின் தொலைபேசி எண் கணவரின் கைப்பேசியில் இருந்தது. கணவரோ ஆலையில் இருந்தார். இரவு அவர் திரும்பிய பின்னரே செய்தி சொல்லப்பட்டது. மறுநாள் முற்பகலில் வந்த மருத்துவர் பருவம் கழிந்துவிட்டதெனக் கூறிச் சென்றனர். இவ்வாறு நேர்ந்தது அஃது மூன்றாம் முறை. “மலட்டு மாடு, சந்தைக்கு ஓட்டிவிடலாம்” என்று கணவர் முடிவு கட்டியிருந்தார்.

கிடாரியின்பால் யாதொரு குறையும் இல்லை. பசுவின் பருவம் ஏறத்தாழ 21 நாட்கு ஒருமுறை வருவது. வந்தால் 12 முதல் 18 மணி நேரமே நிற்பது. காலையில் அறிகுறி காணின் அன்று மாலையிலும், மாலையிற் காணின் மறுநாட் காலையிலும் சினை ஊசி இடுவித்தல் வேண்டும் என்பது மருத்துவர் யாவரும் கூறும் விதி. இரண்டு வரியில் அடங்கும் இவ்விதியை அறியாமையால் 63 நாளைய தீவனம் வீணாயிற்று. நல்லதொரு கிடாரி அடிமாட்டு விலைக்குப் போக இருந்தது. “இந்த நேரக் கணக்கை எனக்கு யார் சொன்னார்கள், தம்பி?” என்று அவ்வம்மையார் எம்மை வினவியபோது எம்மிடம் விடையில்லை.

இஃது ஓர் ஊரின் குறையன்று. 2003-ல் இந்தியா முழுதும் உழவர் நிலையை ஆராய்ந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், பயிர்த்தொழில் பற்றிய புதிய செய்திகளை ஏதேனும் ஒரு வழியாகப் பெற்ற குடும்பங்கள் 100-க்கு 40 எனவும், கால்நடை வளர்ப்புப் பற்றிப் பெற்றவை 100-க்கு 5 எனவும் கண்டனர். எண்மடங்கு வேற்றுமை! விதையும் உரமும் விற்போர் தம் ஊதியம் கருதியேனும் ஊர்தோறும் வந்து பேசுகின்றனர். மாட்டைப் பற்றிப் பேச அங்ஙனம் வருவார் சிலரே. 5,000 மாட்டிற்கு ஒரு மருத்துவர் வேண்டும் என 1976-ல் தேசிய வேளாண்மைக் குழுவினர் பரிந்துரைத்தனர். அவ்வளவிற்கு மருத்துவர் கிடைப்பினும், ஊசியும் மருந்துமாக ஓடும் அவர்க்கு உட்கார்ந்து அறிவுரை கூறப் பொழுது ஏது? இப்பொழுது 1962 என்னும் எண்ணை அழைத்தால் மருத்துவ ஊர்தி வருகின்றது. அது பெரும்பேறே, எனினும் நோய் வந்தபின் வரும் உதவி வேறு, நோய் வாராமற் காக்கும் அறிவு வேறு.

ஆயின் வழி யாது? பிற நாட்டில் நடந்தது ஒன்று ஈண்டு நினைக்கத் தக்கது. மாட்டினத்தை மந்தை மந்தையாக மாய்த்த வெக்கை நோய், இந்தியாவில் கடைசியாக 1995-ல் நம் வட ஆர்க்காட்டு மாவட்டத்திற் காணப்பட்டது; உலகினின்றே அது ஒழிந்ததென 2011-ல் அறிவிக்கப்பட்டது. மக்கள் முயற்சியால் அடியோடு ஒழிந்த நோய்கள் பெரியம்மையும் இதுவும் ஆகிய இரண்டே. எத்தியோப்பியாவின் அபார் பாலைநிலத்தில் மருத்துவர் செல்லுதற்கரிய இடங்களில் அந்நோய் நெடுநாள் பதுங்கிக் கிடந்தது. பனிக்கட்டியின்றியும் பல நாள் கெடாத தடுப்பு மருந்து கிடைத்த பின்னர், அவ்விடத்து ஆயருள்ளே சிலரைத் தேர்ந்து பயிற்றி, அவர் கையாலேயே ஊசி இடுவித்தனர். பட்டம் பெற்றோர் புகமுடியாத இடத்தில் ஊரார் நம்பிய ஒருவர் புகுந்தார்.

அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. நம் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் கிராமப்பணி, சேலத்திற் பிறந்த கே. டி. பால் அவர்களால் தொடங்கப்பட்டது. அச்சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் நிலையம் ஒன்று கண்டனர். அங்குக் கோழியும் தேனீயும் கறவையும் நூலில் அல்ல, கண்முன்னே கற்பிக்கப்பட்டன. உழைப்பு ஊராருடையது, அருகிருந்து கூறும் அறிவுரை வல்லாருடையது என்பதே அவர் கொள்கை. இந்நாளில் ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களில் ‘பசு சகி’ என்னும் பெயரால் ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்று ஆடு மாடு வளர்ப்போர்க்கு அறிவுரை தருகின்றனர். மருத்துவம் செய்தல் பதிவு பெற்ற மருத்துவர்க்கே உரியதென 1984-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளது, அது நன்றே. நேரக் கணக்கைச் சொல்லுதற்கும், ஆறு திங்கட்கு ஒருமுறை இடும் கோமாரித் தடுப்பூசியின் நாளை நினைவூட்டுதற்கும் பட்டம் வேண்டுவதில்லை. தெலுங்கும் கன்னடமும் பேசும் பெண்ணொருத்தி அவ்வூரிலேயே இதைச் செய்தல் கூடும்.

தமிழ் பயிலும் எம்போல்வார்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவ்வீட்டுச் சுவரில் துண்டு வெளியீடு ஒன்று தொங்கிற்று. ‘செயற்கை முறைக் கருவூட்டல்’, ‘குடற்புழு நீக்கம்’ என அதில் அச்சிட்டிருந்தது. அம்மையார் எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்க வல்லவரே. ஆனால் அவர் அறிந்த சொற்கள் ‘சினை ஊசி’யும் ‘பூச்சி மருந்து’மாம். யாம் படித்துச் சொன்னபோது, “இதுதானா?” என்று நகைத்தார். தூய சொல் வேண்டுமென வாதிடும் எமக்கு அந்நகை சிறிது உறைக்கவே செய்தது. அதே தாளின் பின்புறத்தில் மடிநோய்க்குரிய எளிய மருந்தும் இருந்தது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலை முற்றக் கறந்து மடியைக் கழுவியபின் நாளொன்றுக்குப் பலமுறை தடவுவது. தேசியப் பால்வள வாரியமும் பரப்பிவரும் முறை அது. கற்றாழையோ அவர் வேலியிலேயே முளைத்துக் கிடந்தது.

கிடாரி சந்தைக்குச் செல்லவில்லை. யாம் ஊர் திரும்புமுன் மருத்துவரின் எண்ணை அம்மையாரின் கைப்பேசியிலேயே பதிந்து கொடுத்தேம். 21-ஆம் நாளைச் சுவரில் கரியாற் குறித்தும் வைத்தேம். அந்நாட்கு ஒருநாள் முன்னரே மாலையிற் பருவம் கண்டதாகவும், அவரே அழைத்து மறுநாட் காலையில் ஊசி இடுவித்ததாகவும் உறவினர் எழுதியுள்ளனர். சினை நின்றதா என்பதை மூன்று திங்கள் கழித்து மருத்துவர் பார்த்துச் சொல்லுவார்.