இடிந்த கற்கள் சொல்லும் பாடம்



உரோமாபுரியில் பந்தேயோன் என்னும் பழைய புறச்சமயக் கோவில் உண்டு. பாப்பரசர் 4ஆம் பொனிபாசியார் 609ஆம் ஆண்டளவில் அதை இடிக்காமல், தேவதாயாருக்கும் வேதசாட்சிகளுக்கும் தேவாலயமாக ஒப்புக்கொடுத்தார். ஆகவேதான் அதன் 142 அடி அகலக் கவிகை பிழைத்தது. பிற்காலச் சிற்பிகள் அதை அளந்து படித்தார்கள். மைக்கலாஞ்சலோ வரைந்த புனித இராயப்பர் பேராலயக் கவிகையும் ஏறக்குறைய அதே அகலமே. கொலோசேயமோ நெடுங்காலம் மாளிகைகளுக்குக் கல் பெயர்க்கும் இடமாயிற்று.

நம் திருகோணமலையில் நடந்தது என்ன? சுவாமி மலையில் நின்ற கோணேசர் ஆலயத்தை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களால் கோட்டை கட்டினர். இரட்டைக் கயல் செதுக்கிய கல்லொன்று கோட்டை வாசலில் இன்றும் இருக்கிறது. 1950இல் கிணறு வெட்டியபோது பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

இடித்தவர்கள் நம் விசுவாசத்தை அறிக்கையிட்டவர்கள். இதைப் பிள்ளைகளுக்கு மறைக்கலாமா? பிற சமயங்களிலுள்ள உண்மையையும் புனிதத்தையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. பெற்றோரே, கோட்டை வாசலைக் கடக்கும்போது அந்தக் கல்லைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அயலவரின் ஆலயத்தை மதிக்கப் பிள்ளைகள் அங்கேயே கற்றுக்கொள்ளட்டும்.